முக்கோணத்துக்குள் ஒரு கோடு

சந்தையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதிரில் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளுக்கோ அந்தப் பெயரில் கொள்ளைப் பெருமை. பழைய சாமான் எதுவானாலும் கையில் வாங்கி, கவிழ்த்துப் பார்த்து, விரலை மடக்கித் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, இதற்கு என்ன வயசு, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எவ்வளவு போகும் என்று சொல்லிவிடுவாள். முப்பது வருடத்தில் அவள் சொன்ன விலையை மறுத்துப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. பேசியவர்களும் பிறகு வருத்தப்பட்டார்கள் என்று அவளே சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குடைக்காரரிடம் ஒரு பீங்கான் ஜாடி கிடைத்தது. கிழிந்த பெரிய குடைக்குக் கீழே சாக்கு விரித்துக் கடை போடுகிறவர் அவர். ஜாடி ஒரு சாண் உயரம், நீலக்கொடி ஓடிய கழுத்து, மெல்லிய கைப்பிடி. அடியில் மண் அப்பியிருந்தது. பக்கத்துக் கடையில் யாரோ பழைய ரேடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டு அலற விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலேயே தட்டிப் பார்த்தாள். நல்ல ஓசை என்றுதான் பட்டது. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டாள். குடைக்காரர் வழக்கம்போல ஒப்புக்கு முனகிவிட்டுக் கொடுத்துவிட்டார். தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் அதை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். அடிவளையத்தின் உள்விளிம்பில் இருந்த மண் கரைந்ததும் பென்சில் கோடு ஒன்று தெரிந்தது. மூக்கு முட்டக் குனிந்து பார்த்தாள். சின்ன முக்கோணம். அதற்குள் ஒரு கோடு. பக்கத்தில் மாதமும் வருடமும்.

அது அவளுடைய அடையாளம். வாங்குகிற ஒவ்வொரு சாமானிலும் பளபளப்பு ஏறாத இடமாகப் பார்த்துப் பென்சிலால் ஒரு முக்கோணம் போடுவது அவள் வழக்கம். உள்ளே புள்ளி வைத்தால் பழுது இல்லை. கோடு போட்டால் விரிசல். அந்தக் கோணல் முக்கோணத்தை வேறு யாரும் போட முடியாது. வருடத்தைக் கணக்குப் போட்டாள். பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. அப்படியானால் இந்த ஜாடி ஏற்கெனவே அவளுடையது. எங்கே வாங்கினாள்? யாருக்கு விற்றாள்? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாலும் ஒன்றும் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் வாங்கிய சாவிக்கொத்து வரைக்கும் யாரிடம், எந்த மழையில் நின்று வாங்கினாள் என்று சொல்லக்கூடியவள். ஜாடியைத் துடைத்துக் காதருகே வைத்து மறுபடி தட்டினாள். வீடு அமைதியாக இருந்தது. ஜாடி தகரம் மாதிரி மந்தமாகச் சத்தம் போட்டது. கைப்பிடிக்கு உள்பக்கம் நகத்தை ஓட்டினாள். முடியளவு விரிசல். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்ததைக் காலையில் கோட்டைவிட்டிருக்கிறாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வியாழக்கிழமை டாக்டர் வீட்டுச் சாமான்களுக்கு விலை சொல்லப் போக வேண்டும். டாக்டர் போன வருடம் காலமாகிவிட்டார். வீடு நிறையப் பழைய கடிகாரம், பீங்கான், மேசை, அலமாரி. அவள் ஒவ்வொன்றுக்கும் சொல்லப்போகிற மதிப்பை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளும் பங்கு பிரித்துக்கொள்ளப் போகிறார்கள். "நீங்க சொன்னா மூணு பேரும் வாய மூடிட்டு ஒத்துப்பாங்க" என்று டாக்டரின் மனைவி அவளைத்தான் நம்பியிருந்தாள். தன் சாமானே தனக்குத் தெரியவில்லை என்றால் அந்த வீட்டில் போய் எந்த வாயால் விலை சொல்வது?

அவள் கணவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர்; பகல் தூக்கத்தை வேலை மாதிரி ஒழுங்காகச் செய்வார். அவரை எழுப்பாமல் பின்னறைக்குப் போனாள். விற்காத சாமான்களெல்லாம் அங்கே பலகை வளைகிற அளவுக்கு அடைந்து கிடந்தன. அவளே அந்தப் பக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது.

மேல்தட்டில் தூசிக்கு நடுவே சுத்தமான வட்டம் ஒன்று இருந்தது. ஜாடியைக் கொண்டுபோய் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

அவளுக்குக் குழப்பம் தீரவில்லை, இரண்டு மடங்கானது. ஜாடியை அவள் விற்கவே இல்லை. போன வாரம் வரைக்கும் இங்கேயே இருந்திருக்கிறது. அதைச் சுற்றி இன்னும் வட்டங்கள், ஒரு சதுரம், ஒரு நீள்வட்டம், சிலவற்றில் புதுத்தூசி பாதி படிந்திருந்தது. எண்ணினாள். மொத்தம் பதினொன்று. திருடன் என்றால் வெள்ளித் தட்டை விட்டுவிட்டு விரிசல் ஜாடியையா எடுப்பான்? ஒருவேளை தானே கொண்டுபோய் விற்றுவிட்டு மறந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

சாயங்காலம் குடைக்காரர் சாக்கை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய் நின்றாள்.

"இந்த ஜாடிய உங்ககிட்ட யாரு குடுத்தது? மழுப்பாம சொல்லுங்க."

குடைக்காரர் அவளை வினோதமாகப் பார்த்தார். "சார்தான் குடுத்தாரு. எப்பவும் அவருதானே கொண்டாந்து குடுப்பாரு. விக்கிற காசுல எனக்குப் பாதி. உங்களுக்குத் தெரிஞ்சு நடக்கற வெளயாட்டுன்னுல்ல நெனச்சேன்."

"எந்த சார்?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டு சார்."

வீடு வந்து சேர்கிற வரைக்கும் கணவரைக் கேட்க வேண்டிய கேள்விகளைப் பல்லைக் கடித்தபடி அடுக்கிக்கொண்டு வந்தாள். அவர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவள் ஜாடியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் குழாயை மூடினார். திருட்டு முழி எதுவும் முழிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல சும்மா கேலிக்குத்தான் பண்ணேன். அலமாரி ஒடயப் போகுது, எதையாவது தள்ளி விடுன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா? அந்தப் பித்தள மைக்கூட்டக் கொண்டுபோய் குடைக்காரர்கிட்ட குடுத்தேன். நீ அதையே வாங்கிட்டு வந்து நிப்ப, நல்லா சிரிக்கலாம்னு இருந்தேன். நீ வாங்கிட்டு வந்து, அதப் பத்தி ஒரு மணி நேரம் எனக்கே பாடம் எடுத்த. எனக்குச் சிரிப்பு வரல."

மைக்கூடு முன்னறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. எட்டு மாதமாக வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் இன்னொண்ணு குடுத்துப் பாத்தேன். அதுவும் தெரியல உனக்கு. பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னா, என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? இதயாவது கண்டுபிடிப்பா, இதயாவது கண்டுபிடிப்பான்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். அடியில இருக்கற உன் பென்சில் கோட்டையெல்லாம் ரப்பர் போட்டு அழிச்சிட்டு, அடையாளம் தெரியாம மண்ணையும் அப்பித்தான் குடுப்பேன். அதப் பாத்துக் கண்டுபிடிச்சா கணக்குல வராதுல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. போன வருடமே அறுவை செய்திருக்க வேண்டிய கண். வலது கண்ணில் புரை. அடிவளையத்தின் உள்விளிம்பு அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"பதினோராவது இது. எப்படித் தெரிஞ்சுது? கையில எடுத்ததுமேவா?"

அவள் ஜாடியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தானாகவே அடிவளையத்துக்குள் போய் அந்த முக்கோணத்தின்மேல் உட்கார்ந்தது.

"பாத்ததுமே தெரிஞ்சுது. நம்ம ஜாடி எனக்குத் தெரியாதா?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, "அப்ப வியாழக்கிழம தைரியமா போயிட்டு வா. எட்டு மாசமா எனக்கு நிம்மதியா தூக்கமே இல்ல" என்றார். பகல் தூக்கத்தில் ஒரு நாள்கூடக் குறை வைக்காத மனிதர். அவள் அதைச் சொல்லிக் கேலி செய்யவில்லை. முப்பது வருடத்தில் பொய்யாக ஒரு மதிப்புச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதையும் அவர் மறுத்துப் பேசவில்லை.

அவர் மிச்சப் பாத்திரத்தைத் துலக்கப் போனதும் அவள் முன்னறைக்கு வந்து டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தாள். மைக்கூடு எதிரே இருந்தது. எங்கே, யாரிடம் முதலில் வாங்கினோம் என்று இப்போதும் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"வியாழக்கிழம விலை சொல்ல வேற ஆளப் பாத்துக்கங்கம்மா" என்றாள் தணிந்த குரலில்.

"ஏன், என்னாச்சு? உங்கள விட்டா யாரும்மா இருக்காங்க?"

சமையலறையில் அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடி எட்டு மாதமாகியிருந்தது.

"ஒண்ணும் ஆகல. பின்னறைல சாமானெல்லாம் அடஞ்சு கெடக்கு. எது எதுன்னு ஒரு தடவ பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, பாட்டு நின்றுவிடுவதற்குள் போனை வைத்தாள்.