ஈயம் இல்லாத வெள்ளி

ஓமலூரிலிருந்து எடப்பாடி போகும் சாலையை விட்டு இறங்கி, டவுன் பஸ்ஸே உள்ளே வர யோசிக்கும் ஒரு மண்பாதையில் போனால் வெங்கச்சாங்கரடு வரும். கரடு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மலையாகலாம் என்று எழுந்து, பாதியில் அலுப்புத் தட்டி உட்கார்ந்துவிட்ட பாறைக்கூட்டம் அது. அதன் முதுகில், தலைக்கு வகிடு எடுத்த மாதிரி, வெள்ளையாக ஒரு கோடு ஓடும். ஊர்க்காரர்களுக்கு அது வெங்கச்சாங்கல். புவியியலாளர் இளஞ்செழியனுக்கு அது குவார்ட்ஸ் நரம்பு. அவருடைய உத்தியோகத்தின் கடைசி நம்பிக்கையும் அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் தட்டாத கல் இல்லை. தட்டியதில் கண்டுபிடித்த சுரங்கம் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் சொல்லும் முன் அவரே அதைச் சொல்லிவிடுவார்.

“நம்ம ராசிக்கு உப்பளத்துல தோண்டினாலும் நல்ல தண்ணிதான் வரும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஓய்வு பெறுவது நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிட ஆரம்பித்தது.

வெங்கச்சாங்கரட்டின் கதை பழையது. எத்தனையோ கோடி வருடத்துக்கு முன் அங்கே பூமி வெடித்தது. வெடிப்பின் வழியே ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறி வந்தது. உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர் பையில் பலகாரம் கொண்டுபோவதுபோல, அந்த நீர் சிலிக்காவையும் ஈயத்தையும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து எடுத்து வந்தது. ஆறும்போது எல்லாவற்றையும் வெடிப்பிலேயே விட்டுவிட்டுப் போனது. பல உலோகம் சேர்ந்த நரம்பு உண்டாவது இப்படித்தான். ஆனால் இந்தக் கரட்டுக்கு வந்தது கொஞ்சம் கஞ்சத்தனமான உறவு. பை பெரிது, உள்ளே சரக்கு இருந்ததா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் தேடியது ஒரு வெள்ளைக்கார துரை. செம்புக்காக ஒரு குழி தோண்டினார், காய்ச்சல் கண்டார், கப்பலேறினார். குழியில் இப்போது ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு குழு வந்து கரட்டின் அடிவாரத்தில் நீளப் பள்ளம் வெட்டியது. அரிசியில் கல் அகப்படுகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈயத்தாதுத் துணுக்கு அகப்பட்டது. பிறகு இன்னொரு குழு ஒயரும் மீட்டருமாக வந்தது. கரண்டு கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஊரே கோழி அடித்துப் போட்டது. குழு கோழியைச் சாப்பிட்டுவிட்டு, பூமிக்குள் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிற்று.

மூன்று அறிக்கைகளும் ஒரே வாக்கியத்தில் முடிந்தன: ‘மேலும் ஆய்வு செய்யத்தக்கது.’ இல்லை என்று எழுதினால் ஏன் போனாய் என்று கேட்பார்கள். இருக்கிறது என்று எழுதினால் எங்கே என்பார்கள். மேலும் ஆய்வு என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இளஞ்செழியனும் வாழ்நாள் முழுக்க இந்த வாக்கியத்தின் நிழலில்தான் சம்பளம் வாங்கினார்.

அந்த வாக்கியத்தின் அடியில் ஒரு வீடு இருந்தது.

கலைமணியின் வீடு. பழைய பள்ளத்துக்கு இந்தப் பக்கம், சிமெண்ட் அட்டை போட்ட இரண்டு அறை. பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகையில் உட்கார்ந்து கலைமணி சேலத்துப் பட்டறைக்குக் கொலுசு செய்து கொடுத்தாள். வளையங்களைக் கோத்து, பொடி வைத்து, தீ ஊதிப் பற்றவைப்பாள். கணவன் ராசப்பன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவான்.

முதல் நாள் இளஞ்செழியன் வந்து இறங்கியபோதே அவள் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க சார், எங்கூட்ட எடுத்துக்குவீங்களா?”

“எதுக்கும்மா எடுக்கறோம்? எங்க ஆபீசுக்கே சொந்தமா கட்டடம் கெடையாது” என்றார் ஆத்தூர்க்காரரான இளஞ்செழியன்.

அவள் சிரிக்கவில்லை. “எங்க மாமனாரு காலத்துலயே ஊடு கட்டோணும்னு செங்கல் எறக்குனாருங்க. அப்ப வந்தவங்க, கட்டிப் போடாதீங்க, கவருமெண்டு எடுத்தாலும் எடுக்கும்னு சொல்லிப் போட்டாங்க. அவரு கட்டல. எங்கூட்டுக்காரரும் கட்டல. அந்தச் செங்கல்லுல நாங்க மாட்டுக்குத் தொட்டி கட்டி, அதும் இடிஞ்சு போச்சுங்க. இருக்குதா இல்லியான்னு ஒருத்தராச்சும் சொல்லித் தொலைச்சா என்னங்க?”

“இந்தத் தடவை சொல்லிடுவோம்” என்றார் அவர். அப்போது அவர் மனதில் இருந்தது ‘இருக்கிறது’ என்ற பதில்தான்.

கரட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மண் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தது. கரடு முழுக்க ஒன்றுமில்லை. பழைய பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் வெள்ளி எகிறியது. கூடவே செம்பு. கூடவே துத்தநாகம். இளஞ்செழியன் அந்தத் தாளை மனைவி சித்ராவிடம் காட்டினார். நகைக்கடை சீட்டைத் தவிர வேறு எதிலும் வெள்ளி என்ற சொல்லைப் பார்த்திராத சித்ரா, “பரவால்லையே!” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பல வருடம் காத்திருந்தார்.

ஒரே ஒரு உறுத்தல். ஈயம் இல்லை. இந்த மாதிரி நரம்புகளில் வெள்ளி தனியாக வராது. சின்னப் பிள்ளை அண்ணன் இடுப்பில் ஏறி வருவதுபோல ஈயத்தாதுக்குள் ஏறித்தான் வரும். தம்பி வந்திருக்கிறான், அண்ணனைக் காணோம். காலேஜில் படிக்கிற பிள்ளைகூட ஏன் என்று கேட்டிருக்கும். இளஞ்செழியன் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போய் மனசைக் கொடுத்துவிட்டவனுக்குப் பெண்ணின் ஆறாவது விரல் தெரியாது.

ஆழத்துளை போடலாம் என்று மேலிடம் அனுமதி கொடுத்தது. பாறையை உருளை உருளையாக அறுத்து எடுக்கும் வண்டிக்குத் திருச்செங்கோட்டில் சொல்லியாயிற்று. வண்டி நிற்பதற்குச் சரியான இடம் கலைமணியின் தகரக் கொட்டகைதான். வேறு இடத்தில் நின்றால் துளை நரம்பில் படாது. கொட்டகைக்கு நஷ்டஈடு உண்டு என்று இளஞ்செழியன் அவளிடம் சொன்னார்.

“துளை நல்லா வந்துச்சுன்னா?” என்று கேட்டாள்.

அவர் டேப்பைச் சுருட்டினார். நல்லா வந்தால் அடுத்தது கொட்டகையோடு நிற்காது என்று இருவருக்கும் தெரியும்.

வண்டி வரும் நாளன்று இளஞ்செழியன் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் வந்துவிட்டார். லாட்ஜில் தூக்கம் பிடிக்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

கலைமணி கொட்டகையைக் காலி செய்திருந்தாள். ஊதுகுழல், இடுக்கி, அரம் எல்லாம் ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வாசலில் இருந்தன. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவளின் மூட்டை மாதிரி அது சின்னதாக இருந்தது.

“சித்த இருங்க சார். கடைசிச் சோடி ஒண்ணு இருக்குது. கழுவி வெச்சுட்டன்னா முடிஞ்சுது” என்றாள்.

வெந்த கொலுசை ஆசிட் தண்ணீரில் போட்டு எடுத்தாள். பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தாள். சாம்பல் நிறமாக இருந்தது தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. பிறகு, பேசனில் மிஞ்சிய கறுத்த தண்ணீரைத் தூக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்பக்கமாக ஒரு வீசு வீசினாள். தண்ணீர் வளைந்து பறந்து, பழைய பள்ளத்தின் ஓரத்தில் சளாரென்று விழுந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு அவர் மண் எடுத்த அதே இடம்.

இளஞ்செழியன் பள்ளத்தின் ஓரத்துக்கு நடந்தார். “தண்ணிய அங்கதான் ஊத்துவியாம்மா?” என்று கேட்டார்.

“வேற எங்கீங்க ஊத்தறது? ஊருக்குள்ள ஊத்துனா வைவாங்க. கூட்டுன குப்பையும் அதுலதானுங்க. எங்க மாமியா காலத்துலருந்து அங்கதான். குழி உங்காளுக வெட்டிக் குடுத்ததுதானே!”

அவர் பள்ளத்தில் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டையோடு மண்டியிட்டு ஒரு கை மண் அள்ளி, அவளிடமே பேசனை வாங்கி, நீர் விட்டு அலசினார். மண் போகப் போக அடியில் சாம்பல் நிறத்தில் பொடி தங்கியது. பொடியின் நடுவே சின்னதாக ஒன்று மின்னியது. விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். பாதி அறுந்த ஒரு கொலுசு வளையம்.

இத்தனை கோடி வருடத்தில் பூமி எத்தனையோ வடிவத்தில் படிகம் செய்திருக்கிறது. பொடி வைத்துப் பற்றவைத்த வளையத்தை மட்டும் அது இதுவரை செய்ததில்லை. வெள்ளி கொலுசிலிருந்து வந்தது; செம்பும் துத்தநாகமும் பற்றவைக்கும் பொடியிலிருந்து வந்தவை. அண்ணன் வராததற்குக் காரணம், இந்தத் தம்பி அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை.

சேலம் ஜில்லாவில் பிறந்தவர். கொலுசுக் கொட்டகைக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு மோர் குடித்தவர். அவர் வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பூமியின் அடிவயிற்றில் தேடியிருக்கிறார். வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் இளஞ்செழியன் அதை வைத்தே ஒரு வருடம் ஆபீசைச் சிரிக்க வைத்திருப்பார்.

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. இன்னும் நேரமிருந்தது. வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. துளை போடலாம். முடிவு வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். பிரிவு உபசார விழாவில், வெள்ளி கண்ட செழியன் என்று மாலை விழும். அப்புறம் வருகிறவன் ‘மேலும் ஆய்வு செய்யத்தக்கது’ என்று எழுதிக்கொள்வான்.

வாசலில் இருந்த மூட்டையைப் பார்த்தார். போனை எடுத்தார்.

மேலதிகாரி வயதில் இளையவர், நல்ல மாதிரி. “சார், வண்டியே வந்தாச்சு. ஒரு ஹோல் போட்டுத்தான் பாருங்களேன். வரலைன்னா வரலை. அதுக்குள்ள நீங்களும் நிம்மதியா ரிடையர் ஆயிடுவீங்க” என்றார்.

“அதுக்காகத்தான் சார் வேண்டாங்கறேன். நான் நிம்மதியாப் போயிடுவேன். இங்க ஒரு வீடு அடுத்த தலைமுறைக்கும் கட்டாம நிக்கும். இல்லைன்னு எழுதப் போறேன். கரட்டுலயும் ஒண்ணுமில்ல, பள்ளத்துலயும் ஒண்ணுமில்ல. காரணத்தையும் எழுதறேன். எழுதறது நான். திட்டு வந்தா எனக்கு வரட்டும்.”

வண்டிக்காரர் ஜெயபிரகாஷ் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க சார், இந்தப் பாதைல வண்டிய ஏத்தறதுக்குள்ள கிளட்ச் கருகிப் போச்சு. வந்ததும் திரும்பிப் போங்கறீங்களே, பொண்ணு பாக்க வந்த ஒறம்பரையாட்ட?”

“பொண்ணு வேற ஜாதகம் ஜெயபிரகாஷ். மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

கலைமணிக்கு எதுவும் புரியவில்லை. தன் தண்ணீரால் ஏதோ கேடு வந்துவிட்டது என்று பயந்து, “நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?” என்றாள்.

“நீ ஒண்ணும் பண்ணல. நாந்தான் உன் பேசனைச் சுரங்கம்னு நெனச்சுட்டேன்” என்று விஷயத்தைச் சொன்னார். “கீழ ஒண்ணுமில்லம்மா. நீ வீட்டக் கட்டு.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் கலங்கிற்று. பிறகு ஏதோ உறைத்து, முந்தானையை எடுத்தாள்.

“அப்ப அந்த மண்ணுல வெள்ளி இருக்குதுங்களா?”

“மேலாக ஒரு சாண் மண்ணுல இருக்கு.”

“அடக் கெரகமே! இத்தன வருசமா வெள்ளியவா வீசி வீசி ஊத்திட்டிருந்தன்!” தலையில் அடித்துக்கொண்டவள் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “பாப்பாயக்கா! கடப்பாரயும் கூடையும் எடுத்துட்டு ஓடி வாங்க!”

சேலத்தில் பட்டறைக் குப்பையை விலைக்கு வாங்கி, உருக்கி வெள்ளி பிரிப்பவர்கள் உண்டு. ஜெயபிரகாஷின் வண்டி திரும்பி முடிப்பதற்குள் இரண்டு பெண்களும் பள்ளத்தில் இறங்கியிருந்தார்கள். இளஞ்செழியன், எது வரைக்கும் வெட்டலாம் என்று சுத்தியால் கோடு போட்டுக் கொடுத்தார். “இனிமே அந்தத் தண்ணிய தொட்டில பிடிச்சு வைம்மா. வெள்ளியும் மிஞ்சும். ஆசிட் எறங்காம உன் கிணறும் பிழைக்கும்” என்றார்.

பிரிவு உபசார விழா நடந்தது. மாலை விழுந்தது, வெள்ளி கண்ட என்ற அடைமொழி விழவில்லை. அதற்கு அடுத்த வாரம் பஸ் ஏறி வெங்கச்சாங்கரட்டுக்குப் போனார்.

கொட்டகை மறுபடி நின்றது. வீட்டுக்குப் பக்கத்தில் அடித்தளம் எழும்பியிருந்தது. கரட்டிலிருந்து உருண்ட வெங்கச்சாங்கல்லை மூலைக்கு மூலை போட்டிருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தை இரண்டு பெண்களும் பலகை வைத்துச் செதுக்கிய மாதிரி நேராக எடுத்திருந்தார்கள். இளஞ்செழியன் பழக்க தோஷத்தில் டேப்பை விரித்து அளந்தார். ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான். ஆனால் உலோகம் வெட்டி எடுத்து, உருக்கி, விற்கப்பட்ட இடம். அவர் கண்டுபிடித்த ஒரே சுரங்கம். வேலை தொடங்கி ஒரே வாரத்தில் தீர்ந்தும் போனது.

கலைமணி உள்ளேயிருந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள். கொலுசில் கோக்கும் வெள்ளி முத்து ஒன்று, மிளகளவில்.

“அந்த மண்ணுல எடுத்ததுல செஞ்சதுங்க. வேண்டாம்னு சொல்லிப் போடாதீங்க. நீங்கதான் இப்ப ஆபீசர் இல்லியே.”

அவர் அதை வாங்கி, வெயிலில் பிடித்து, பைக்குள்ளிருந்த லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம் வாயை மூடவிடவில்லை.

“ஈயம் இருக்காம்மா இதுல?”

கலைமணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னங்க சார் இப்படிக் கேட்டுப் போட்டீங்க? என்னையப் பாத்தா ஈயம் கலக்கறவளாட்டவா தெரியுது?”

“இல்லம்மா,” என்று முத்தைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார் இளஞ்செழியன். “அதை மொதல் நாளே உன்கிட்டக் கேட்டிருக்கணும்.”