காலர் தைப்பவள் திரும்பிப் பார்க்கிறாள்

லிப்ட் மெக்கானிக்கின் மனைவி, தன் வீடியோவை யாராவது எங்காவது பார்க்கும்போதெல்லாம், இடது தோளுக்கு மேலாகத் திரும்பி "இப்பவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பல் தேய்க்கும்போதும் கேட்டாள், தூக்கத்திலும் கேட்டாள். துணிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கழுத்து திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்பதை, ஊசி ஒருமுறை நகத்தில் இறங்கிய பிறகு கற்றுக்கொண்டாள்.

வீடியோவை எடுத்தவன் மெக்கானிக்தான். புதுப் போன் வாங்கியிருந்தான். ஒரு மதியம் வேலை ரத்தாகிச் சீக்கிரம் வீடு திரும்பியவன், தையல் மிஷின் முன் குனிந்திருந்த அவள் முதுகைப் பார்த்து, கடலுக்குப் போய்விட்டு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனை உயர்த்திப் பட்டனை அமுக்கினான். கேள்வி வீடியோவில் விழவில்லை. பதில் மட்டும் விழுந்தது. அவள் திரும்பினாள், கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்திருந்தது, உதட்டோரம் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. "இப்பவா?" என்றாள். படம் பிடிக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்து, கையிலிருந்த காலரால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். அன்று கடலுக்குப் போகவில்லை. ஒரு கட்டு காலர் பாக்கியிருந்தது.

லிப்ட் மெக்கானிக்குகளுக்கு நேரம் காலம் கிடையாது. சாப்பாட்டில் கை வைக்கும்போதுதான் எந்தக் கட்டடத்திலாவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அந்த வார விடுமுறையில் போர்மேன், பட்டறைக்காரர்களின் குழுவில், உடனே யாராவது கிளம்ப முடியுமா என்று செய்தி போட்டார். மெக்கானிக் விளையாட்டாகத் தன் மனைவியின் வீடியோவைப் பதிலாக அனுப்பினான். பட்டறையே சிரித்தது. பிறகு போர்மேன் கூப்பிடும்போதெல்லாம் எல்லோரும் அதையே அனுப்பினார்கள். அவர்களிடமிருந்து அது காவலாளிகளுக்குப் போயிற்று, காவலாளிகளிடமிருந்து நர்சுகளுக்கு, நர்சுகளிடமிருந்து டிரைவர்களுக்கு. வேளைகெட்ட வேளையில் கூப்பிடப்படுகிற அத்தனை பேருக்கும் அந்த ஒரு வார்த்தை தேவையாயிருந்தது. மழை தாமதமாக வந்தாலும், பரீட்சை முடிவு சீக்கிரம் வந்தாலும், கல்யாணப் பேச்சு எடுத்தாலும் ஜனங்கள் அவளைத்தான் அனுப்பினார்கள். யாரோ தாளம் சேர்த்துப் பாட்டாக்கினார்கள். அந்தப் பாட்டு ஓடிய மாதங்களில் அவள் படுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

முதல் நாள் அவள் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்தாள். மெக்கானிக் வந்ததும், "என்னங்க, கழுத்து தானா திரும்புது, வாய் தானா கேக்குது" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, பட்டறையில் நீதான் பேச்சு என்று போனைத் திறந்து காட்டினான். வீடியோவும் அவளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவன் இன்னொரு முறை ஓட்டினான். அவள் இன்னொரு முறை திரும்பினாள். மூன்றாம் முறை ஓட்ட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததும், "அட, நீங்கதானா அது!" என்று எழுந்துவிட்டார். அது அவள்தானா என்று சரிபார்க்கப் போனைத் திறந்தார், அவள் திரும்பிக் கேட்டுச் சிரித்தாள், டாக்டரும் சிரித்தார், நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார். கழுத்துக்குப் பட்டை போட்டு அனுப்பினார்கள். பட்டை ஒரு வாரம் தாங்கியது, பிறகு தையல் விட்டது. மெக்கானிக் தன் போனிலிருந்து வீடியோவை அழித்தால் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். சிந்திய எண்ணெயை ஜாடியில் அள்ளுகிற கதைதான். ஆனாலும், அழித்துவிடுங்கள் என்று அவள் கேட்டாள், அவனும் அழித்துவிட்டதாகச் சொன்னான்.

நாளடைவில் பார்ப்பவர்களை அவள் உடம்பு தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு அவள் வாய் மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. அவர்கள் ஆபீஸ்காரர்கள் என்றாள். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் வந்தால் கழுத்து சொடுக்கென்று வெட்டியது. காலையில் வருகிறவை அவசரமில்லாமல் வந்தன, அதெல்லாம் கக்கூஸிலிருந்து வருகிறது என்று அவளுடைய அக்கா கண்டுபிடித்துச் சொன்னாள். ஆனால் வருஷம் போகப் போக ஜனங்களுக்குப் பொறுமை குறைந்தது. திரும்ப ஆரம்பிக்கும்போதே விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். அவள் பாதி திரும்பி நின்றுவிடுவாள், சுவரைப் பார்த்தபடி. கேள்வி வராது, அல்லது கேள்வி வந்து சிரிப்பு வராது. சிரிப்பு வீடியோவின் கடைசியில் இருந்தது. கடைசி வரைக்கும் யார் பார்க்கிறார்கள்?

சிரிப்பு மட்டும் தனியாக வந்த ஒரு காலமும் உண்டு. கேள்வியும் இல்லாமல், கழுத்தும் திரும்பாமல், நேராகச் சிரிப்பு. டீ நேரத்தில் வரும், பிறகு பட்டறை மூடும் நேரத்தில். ஒரு நாள் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள், "அது நீங்கதானே?" என்றாள். "எது?" என்றான். "விரலை வச்சுக் கடைசிக்கு இழுத்து, சிரிப்ப மட்டும் பாக்கறது. வேற எவனுக்கு அந்தச் சிரிப்பு வேணும்?" அழித்ததாகச் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை, திட்டவில்லை. "ஊரே என்னைத் திருப்புது. நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாள். இனி பார்க்கவே மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினான். ஆனால் அழிக்க மனம் வராமல், வயரிங் படங்கள் இருக்கும் இடத்தில், யாரும் தேடாத மூலையில் அதைப் போட்டுவைத்தான்.

இதற்கிடையில் "இப்ப" என்ற சொல்லைச் சொந்தப் பேச்சில் அவள் விட்டுவிட்டாள். அதை ஊர் எடுத்துக்கொண்டது. உலை வைக்கட்டுமா என்றால் "உடனே வை" என்பாள், எத்தனை மணி என்றால் "இந்நேரம் என்ன" என்பாள், சுற்றி வளைத்தாவது தப்பித்துக்கொள்வாள். வெளியே போவதையும் விட்டுவிட்டாள். கடைத்தெருவில் திரும்பிக் கேட்டால் யார் யாரோ பதில் சொன்னார்கள், ஒருவன் கூடவே நடந்து வந்தான். ஆக, மிஷின், அடுப்பு, கட்டில், ஜன்னல். திரும்பும்போதெல்லாம் அவள் கண்ணில் படுவது பீரோவின் பக்கவாட்டு மட்டும்தான். அதில் பெயின்ட் உரிந்த இடங்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

எதற்கும் ஒரு முடிவு வரும் என்பார்கள். ஜனங்களுக்கு வேறு முகங்கள் கிடைத்தன, கொட்டாவி விடும் ஒரு வாத்தியார், கீழே விழும் ஒரு மாப்பிள்ளை. அவளுக்கு வருவது சுருங்கிப்போயிற்று. ஒரு கட்டு காலரை நிறுத்தாமல் தைத்து முடிக்கிற அளவுக்கு இடைவெளி கிடைத்தது. தூங்கவும் தூங்கினாள். பாக்கியிருப்பதும் ஒரு நாள் நின்றுவிடும் என்று அவள் காத்திருந்தாள்.

அப்படியொரு விடுமுறை நாளில் மெக்கானிக் தனியாக ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்துக்குப் போனான். இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது தொழில் விதி. ஆள் இல்லை என்றால் விதி என்ன செய்யும். லிப்டின் அபாய மணிக்கு பேட்டரி மாற்ற வேண்டும். புது பேட்டரியைப் பையோடு வராந்தாவில் வைத்துவிட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே ஏறினான். மாடிகளுக்கு நடுவே மின்சாரம் போயிற்று. மணியை அமுக்கினான், அது அடிக்கவில்லை, அடிக்காததால்தான் அவன் வந்ததே. காவலாளி வெளியே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. இரும்புப் பெட்டிக்குள் போனுக்கு சிக்னல் இல்லை. வாழ்நாளெல்லாம் பிறரை வெளியே எடுத்தவன் முதல்முறையாக உள்ளே உட்கார்ந்தான். அவர்களுக்கு அவன் சொல்வது எப்போதும் ஒரே வாசகம்தான்: பட்டன அமுக்காதீங்க, கதவ நெம்பாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். வீட்டிலிருந்து போனில் சொல்லும்போது அவளும் கேட்டிருக்கிறாள். தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கடைசி வரி பொருந்தவில்லை.

வெயில் ஏற ஏறப் பெட்டி அடுப்பாயிற்று. மூச்சு கனத்தது. சாகும்போது எதையாவது பார்த்துக்கொண்டு சாகலாம் என்றுதான் வயரிங் படங்களுக்கு நடுவிலிருந்து அவளைத் தேடி எடுத்தான். விரலை வைத்துக் கடைசிக்கு இழுத்தான். அவள் சிரித்தாள். அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மணி அடிக்காவிட்டால் என்ன, இது அடிக்கும். திரும்பத் திரும்ப இழுத்துவிட்டான்.

வீட்டில் அவள் அக்காவோடு உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். நேராகச் சிரித்தாள். நிறுத்தினாள், மறுபடி சிரித்தாள்.

"ஏண்டி, நான் என் மாமியாருக்கு ஆபரேஷன்னு சொல்றேன், நீ சிரிக்கறே?" என்றாள் அக்கா.

"இது அவர்தான்க்கா." சிரிப்பு. "சத்தியம் பண்ணவரு." சிரிப்பு. "சும்மா பாக்கமாட்டாரு. எங்கேயோ மாட்டிக்கிட்டிருக்காரு."

"மாட்டிக்கிட்டா அழணும்டி, கிறுக்கு!"

அழத்தான் செய்தாள். கண் அழுதது, வாய் சிரித்தது. பட்டறைக்கு ஓடினார்கள். போர்மேன் கதவைத் திறந்தால், எதிரே மெக்கானிக்கின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, என் புருஷனைக் காப்பாத்துங்க என்கிறாள். "என்னம்மா, விளையாட்டா?" என்று அவர் கோபப்பட்டார். அக்காதான் குறுக்கே புகுந்து, "சிரிப்பப் பாக்காதீங்க, சொல்றத மட்டும் கேளுங்க" என்று அதட்டினாள். போர்மேன் வண்டியை எடுத்தார்.

பாதி வழியில் சிரிப்பு நின்றது. அவள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக நிற்க வேண்டும் என்று ஏங்கியது, நின்றேவிட்டது. "இன்னொரு தடவை" என்று அவள் முனகினாள். "ஒரே ஒரு தடவைங்க." எவனோ ஒருவன் எங்கிருந்தோ அவளைப் பாதி திருப்பி விட்டுவிட்டுப் போனான். அது அவனில்லை.

காவலாளி அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். போர்மேன் மேலே மிஷின் அறைக்கு ஏறினார். அவள் மாடி மாடியாக லிப்ட் கதவைத் தட்டிக்கொண்டே போய், ஒரு கதவின் இடுக்கில் வாயை வைத்து, "பட்டன அமுக்காதீங்க, கதவ நெம்பாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். இடுக்கில் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி சொன்னாள். போர்மேன் மேலே பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற, பெட்டி விரல் விரலாகக் கீழே இறங்க, அவள் அந்த மூன்று வரியையும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தபோது அவன் மூலையில் சாய்ந்து கிடந்தான். கையில் போன் சார்ஜ் தீர்ந்து கறுத்திருந்தது. தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தான்.

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"இன்னைக்கு அழிச்சிடறேன்."

"ஒண்ணும் வேணாம். இருக்கட்டும்."

உடம்பு தேறிய பிறகு அவன் பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளினான். அது இருந்த இடத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். யார் எங்கிருந்து திருப்பினாலும் அவள் கண்ணில் அவன் படுவான். அவள் கேட்டால் "ஆமா, இப்பதான்" என்பான். பாதியில் நின்றால் மீதியை அவன் கேட்டுக்கொள்வான். வேலைக்குப் போன இடத்தில் சாப்பிட்டுவிட்டால் ஒரு சிரிப்பை மட்டும் இழுத்துவிடுவான். அவள் சிரித்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொள்வாள். மற்ற வீடுகளில் அதற்குப் போன் அடிக்கும்.

ஒரு மதியம் மறுபடி ஒரு வேலை ரத்தாயிற்று. அவன் வந்து வாசலில் நின்று, கடலுக்குப் போயிட்டு வரலாமா என்று கேட்டான். அவள் கையில் காலர் இருந்தது.

"இப்பவா?" என்றாள்.

அவன் சிரிப்புக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அதன் பிறகுதான் கவனித்தான், அவள் கழுத்து திரும்பவில்லை. மிஷினைவிட்டு எழுந்து, வாசலில் நிற்கும் அவனை நேருக்கு நேர் பார்த்துத்தான் கேட்டிருந்தாள்.

"ஆமா, இப்பதான்" என்றான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. எல்லோரும் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் டை கட்டிய ஒரு மனிதர், காதில் குமிழ் செருகிக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். வாத்தியார் கொட்டாவி விட்டுப் போனார், மாப்பிள்ளை விழுந்துவிட்டுப் போனார், அதற்கடுத்து அவள் வந்தாள். அவர் பிடரிக்குச் சாணளவு பின்னால் உட்கார்ந்திருந்த அவள், இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, "இப்பவா?" என்றாள். அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். அவளும் வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் சிரித்தாள். அவர் தோள் குலுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. கடல் வந்ததும் மெக்கானிக்கும் அவன் மனைவியும் இறங்கிக்கொண்டார்கள்.