மொட்டைத் தாளில் ஒரு கையெழுத்து

வானொலி நிலையத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். ஆங்கிலப் பாட்டு எதுவானாலும் பொருள் சொல்வாள் என்பதால் பாதிப் பேர் அப்படிக் கூப்பிட்டார்கள். மீதிப் பேர், அகராதி பிடித்தவள் என்பதால் கூப்பிட்டார்கள். இரண்டுமே அவளுக்குச் சம்மதம்தான்.

ஒலிபரப்புக்கு வரும் ஒவ்வொரு ஆங்கிலப் பாட்டுக்கும் அவள் ஒரு தாள் நிரப்ப வேண்டும். இடது பக்கம் வெளிப்பொருள், வலது பக்கம் உள்பொருள், அடியில் கையெழுத்து. பாட்டு எழுதுகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? 'ஸ்டில்' என்பார்கள், அசையாமல் நிற்கிறேன் என்றும் ஆகும், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்றும் ஆகும். 'ஃபயர்' என்பார்கள், நெருப்பா, வேலையை விட்டுத் துரத்துவதா என்று முன்வரியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிரித்துக்கொண்டே திட்டுகிற பாட்டு உண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி சரசமாடுகிற பாட்டும் உண்டு. உள்பொருள் ஆபாசம் என்று அவள் எழுதிவிட்டால் அந்தப் பாட்டு அவ்வளவுதான், காற்றில் ஏறாது.

இத்தனை நுணுக்கம் பார்க்கிறவள் ஒரு முட்டாள்தனமும் செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலாளர் பத்து வெற்றுத் தாள்களை நீட்டுவார். "சனி ஞாயிறு நீ வர மாட்டே, பாட்டு உனக்காகக் காத்திருக்குமா? போட்டுட்டுப் போம்மா, திங்கட்கிழமை வந்து நிரப்பிக்கலாம்." அவளும் பையைத் தோளில் மாட்டியபடியே பத்திலும் கையெழுத்துப் போடுவாள். பஸ் போய்விடுமே! ஐந்து வருஷமாக இதே கதை.

அந்தத் திங்கட்கிழமை வரவேற்பறையில் ஒருத்தி காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும், முன்னங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள். சொந்தமாக ஆங்கிலத்தில் பாட்டு எழுதிப் பாடி, உள்ளூர்ப் பாடகர் நிகழ்ச்சிக்கு அனுப்பியிருந்தாள்.

"உள்பொருள் எழுதுறவங்க நீங்கதானா?" என்று கேட்டு ஒரு நகலை நீட்டினாள்.

வலது பக்கத்தில் நாலே வரி, தட்டச்சில். படுக்கை, உடம்பு என்று வாயில் வைத்துச் சொல்ல முடியாத சங்கதி. அடியில் அகராதியின் கையெழுத்து, வால் சுழித்து, அச்சு அசலாக.

"இதைக் காட்டித்தான் முதலாளி என்னை வெளியே அனுப்பிட்டாரு. இப்படிப் பாடுறவளை வச்சுக்கிட்டா கடைப் பேர் கெட்டுடுமாம். எங்கம்மா இதைப் படிச்சாங்க, மேடம். ரெண்டு நாளா என்கூடப் பேசலை." அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. "எங்க எழுதியிருக்கு அந்த அசிங்கம்? எனக்குக் காட்டுங்க. எழுதின எனக்கே தெரியலை."

அகராதி பாட்டை வாங்கிப் படித்தாள். *ஐ பிரஸ் யுவர் ஷர்ட், யூ பிரஸ் மீ டவுன், ஐ'ம் ஸ்டில் ஹியர், ஸ்டாண்டிங் மை கிரவுண்ட்.* 'பிரஸ்' தேய்ப்பதும் ஆகும், அமுக்கி மிதிப்பதும் ஆகும்: உன் சட்டையை நான் தேய்க்கிறேன், நீ என்னை மிதிக்கிறாய், நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். உள்பொருள் இருக்கத்தான் செய்தது, ஆனால் அது படுக்கையறைக்குப் போகவில்லை, நேரே முதலாளியின் நாற்காலிக்குப் போனது.

"கடையில இதைப் பாடுவியா?"

"எல்லாருமே பாடுவோம். அவரு வர்றப்ப கொஞ்சம் சத்தமாவே பாடுவோம்."

அகராதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில உங்க கடைக்கு வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு மேலாளரின் அறைக்குள் போனாள்.

மேலாளர் பூசி மெழுகக்கூட இல்லை. "ஆமா, நான்தான் டைப் அடிச்சேன். அந்தச் சலவைக் கடை முதலாளி நம்ம பெரிய விளம்பரதாரர். ஒரு பாட்டு போனா குடியா முழுகிடும்?"

"பாட்டு மட்டும் போகலை சார், அவ வேலை போச்சு. மானமும் போச்சு."

"அப்ப போய்ச் சொல்லு, நான் எழுதலைன்னு. வெத்துத் தாள்ல ஏன் கையெழுத்துப் போட்டேன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவே? முதல்ல உன் வேலைதான் போகும். தாளில இருக்கிறது என் கையெழுத்து இல்லம்மா."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல்.

வீட்டில் கணவன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். பஸ் ஓட்டுகிறவன், எதையும் நிதானமாகத்தான் திருப்புவான். "உனக்கு ஏண்டி ஊர் வம்பு? நீயா எழுதினே?"

"கையெழுத்து என்னுது."

"இனிமே போடாதே, முடிஞ்சுது."

"அவங்கம்மா படிச்சிருக்காங்க. என் பேரு போட்டிருக்கிறதைப் படிச்சு, மகளைத் தப்பா நினைச்சிருக்காங்க. எனக்குச் சோறு இறங்குமா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "சரி, போ. வேலை போனா போகட்டும். ஆனா அழுதுக்கிட்டு மட்டும் வராதே, எனக்குத் தாங்காது."

மறுநாள் காலை நிலையத்துக்குப் போய்ப் புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தன் கையாலேயே இரண்டு பக்கமும் நிரப்பினாள். அடியில், 'முந்தைய தாள் வெற்றாக இருந்தபோது கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது. அதில் உள்ள பொருள் பொய்' என்று எழுதி, முத்திரை குத்தி, பதிவேட்டிலும் ஏற்றினாள். மேலாளரின் மேசை இழுப்பறையைத் திறந்து வேறொன்றையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு சலவைக் கடைக்கு நடந்தாள். தேய்க்கிறவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

உள்ளே நீராவி. ஆறு மேசைகளில் ஆறு பெண்கள், ஏழாவது காலி. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அகராதி புதுத் தாளைச் சத்தமாகப் படித்தாள். உள்பொருள் பக்கம் வந்தபோது நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "தன்னை மிதிக்கிறவருக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கிற தொழிலாளியின் பாட்டு. ஆபாசம் இல்லை." ஒவ்வொரு மேசையாக இஸ்திரிப் பெட்டிகள் நிமிர்ந்து நின்றன.

முதலாளி சிரித்தார். "அதுலயும் உன் கையெழுத்து, இதுலயும் உன் கையெழுத்து. எதைம்மா நான் நம்புறது?"

அகராதி பையைத் திறந்தாள். மேலாளரின் மேசையில் மிச்சமிருந்த நாலு தாள்கள். எழுத்து ஒன்றும் இல்லை, அடியில் வால் சுழித்த கையெழுத்து மட்டும். காலி மேசையின்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

"இந்த நாலுலயும் என் கையெழுத்துதான். உங்களைப் பத்தி என்ன எழுதட்டும், சொல்லுங்க. எதை எழுதினாலும் நம்புவீங்கதானே?"

ஒரு மேசையிலிருந்து குபீரென்று சிரிப்பு வந்தது. முதலாளி தாள்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். ஆறு பேரும் பெட்டியைத் தொடவில்லை; வாடிக்கையாளர் இரண்டு பேர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி சரி, வேலையைப் பாருங்க" என்று முணுமுணுத்தார். வாசலில் நின்றவளைப் பார்த்து, "நீயும்தான்" என்றார்.

"எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்" என்றாள் அவள். "நீங்கதானே வீடு தேடி வந்து காட்டினீங்க."

அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாயங்காலம் வர்றேன்."

அதன்பிறகுதான் அவள் ஏழாவது மேசைக்குப் போனாள். அகராதி நாலு தாளையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. மேலாளர். பதிவேட்டைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, குரல் கீச்சிட்டது. "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்!"

பின்னால் கடைக்குள் ஏழு பெண்களும் பாட ஆரம்பித்திருந்தார்கள், கொஞ்சம் சத்தமாகவே.

"எழுத்துல குடுங்க சார்" என்றாள் அகராதி. "ஆனா முழுசா நிரப்பிட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க."