உள்ளே விட்ட துணி

பார்சல் அலுவலகத்துத் தராசில் தையல்காரர் ஏறி நின்றார். மனைவி செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவையும் எடுக்கச் சொன்னாள். அது என்ன பெரிய எடை வந்துவிடப் போகிறது என்று முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அவள் வேலை பார்க்கும் இடம் அது. பகலெல்லாம் பெட்டியும் மூட்டையும் ஏறி இறங்கும் இரும்புத் தட்டில், மாதம் ஒரு தடவை, கதவடைக்கும் முன் கணவரை ஏற்றிப் பார்ப்பாள். முள் போன தடவை நின்ற இடத்துக்கு வரவில்லை. மூட்டை கட்டுகிறவர்கள் கைதட்டினார்கள்.

"அக்கா, இப்படியே போனா அண்ணனைக் கவர்ல போட்டு அனுப்பிடலாம்" என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் அவள்தான்.

ஒரு வருடத்துக்கு முன் அவர் கால் விரலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் கிடந்தது. பார்த்ததில் சர்க்கரை. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காத மனிதர். தேநீர் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதில் கரண்டி நட்டுக்குத்தாக நிற்கும் அளவுக்குச் சர்க்கரை இருக்க வேண்டும். அவள் அன்றே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். தட்டில் காய்தான் முதலில் வந்தது, சோறு கடைசியில், கைப்பிடி அளவு. அவருக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று அவளும் வெறும் தேநீர் குடித்தாள். சாப்பிட்டதும் உட்கார விடமாட்டாள். இருவரும் தெருமுனை வரை நடந்து திரும்புவார்கள். அவர் போகிற வழியில் எதிரில் வருகிறவர்களின் உடுப்புகளைப் பற்றிக் குற்றம் சொல்லிக்கொண்டே வருவார். தோள்பட்டை இறங்கியிருக்கிறது, கழுத்து சரியாக உட்காரவில்லை. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

காலையில் விரலைக் குத்திப் பார்ப்பதும் அவள்தான். ஊசி ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல்களில் ரத்தம் வரும் இடம் தேட வேண்டியிருந்தது. நாள் முழுக்கக் கடையில் குத்திக்கொள்வது போதாதா, வீட்டிலுமா என்பார். சர்க்கரை எண் இறங்கியது. காயம் ஆறியது. இடுப்பு இளைத்தது. இளைக்க இளைக்க நீலக் கால்சட்டையை அவரே உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டார். மிச்சத் துணியை வெட்டவில்லை. எந்தத் துணியிலும் அவர் வெட்டமாட்டார். மடித்து உள்ளேயே விடுவார். உடம்பு ஒரே மாதிரி இருக்காது, திரும்ப வந்து நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. அவருக்கு அது தேவைப்படாது என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார், ஆனாலும் வெட்டவில்லை.

பிறகு எடை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. எண் ஏறத் தொடங்கியது.

அவள் சோற்றை இன்னும் குறைத்தாள். நடையைக் கூட்டினாள். எண் கேட்கவில்லை. ஒரு காலையில் மூன்று விரல்களில் குத்திப் பார்த்துவிட்டு, அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை என்றாள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றாள். அவர் கடைக்குப் போனார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போனவர். அவரைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் சட்டையை ஊறவைக்கும்போது பையில் ஒரு மிட்டாய்க் காகிதம் இருந்தது.

"தின்னீங்களா?"

"ம்."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

அவள் கத்தவில்லை. ஊரெல்லாம் என்னைப் பாராட்டுகிறது, நீங்கள் முதுகுக்குப் பின்னால் தின்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் நிம்மதி இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். டாக்டரிடம் போகும் பேச்சு அதோடு நின்றது. இந்த லட்சணத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

அதன் பிறகு அவர் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திப் பைகளைச் சோதித்தாள். அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்பார், அளவு கொடுக்க வந்தவர்கள் அவர் முன்னால் நிற்பது மாதிரி. சில நாள் காகிதம் இருக்கும். சில நாள் இருக்காது. இருக்கும் நாட்களில் அவள் திட்டினாள், நன்றாகத் தூங்கினாள்.

தெருமுனையில் ஒரு நாள் அவரால் திரும்பி நடக்க முடியவில்லை. மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தபோது கண் மஞ்சளாக இருந்தது.

சோதனைகள் முடிந்து டாக்டரம்மா முன் உட்கார்ந்ததும், அவர் வாய் திறக்கும் முன் அவள் சொல்லிவிட்டாள்: "இவர் ஒளிச்சு ஒளிச்சு இனிப்பு தின்னார் டாக்டர்." தையல்காரர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது இனிப்பால் வந்ததில்லை என்றார் டாக்டரம்மா. கணையத்தில் கட்டி. பரவியிருந்தது. அதனால்தான் சர்க்கரை ஏறியது, அதனால்தான் எடை இறங்கியது. அப்படியானால் முதலில் இறங்கியது எதனால் என்று அவள் கேட்டாள்.

"அது நீங்க இறக்கினது. நீங்க செஞ்சதெல்லாம் சரிதான்மா. எங்க நீங்க விட்டீங்க, எங்க அது பிடிச்சதுன்னு மட்டும் பிரிச்சுச் சொல்ல முடியல."

எழுந்து கதவருகே வந்தபோது, இனிமேல் அவர் கேட்டதைக் கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. அவளுக்கு அது முதலில் நல்ல செய்தி மாதிரி கேட்டது. மாடிப்படியின் பாதியில்தான் புரிந்தது. அவர் ஏற்கனவே புரிந்துகொண்டு கைப்பிடியைப் பற்றி நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த டப்பாவை நிமிர்த்தினாள். பழைய கணக்கில் சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இவ்வளவு இனிப்பாவா குடிச்சுக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டார். தம்ளரை நகர்த்தி வைத்தார். வீணாக்க வேண்டாமென்று அவள் குடித்தாள். ஒவ்வொரு வாயும் இனித்தது.

கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் நீர் கோத்து வீங்கியது. நீர் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீலக் கால்சட்டை இடுப்பில் பூட்டவில்லை.

"பாத்தியா, திரும்ப ஏத்திட்டேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. "பிரிச்சு விடு. உள்ள துணி இருக்கு."

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பொத்தான் தைக்கும் பெண் மட்டும் இருந்தாள். மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். இருக்கிறார் என்றாள் இவள். வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கேட்கச் சற்று நேரம் பிடித்தது.

"இங்க வச்சு மிட்டாய் தின்னாரே. எந்த மிட்டாய்னு சொல்லு. வாங்கிட்டுப் போறேன்."

அந்தப் பெண் கையிலிருந்த சட்டையை மடியில் இறக்கினாள்.

"மாஸ்டர் ஒண்ணுகூடத் தின்னலக்கா. தின்னது நான். காகிதத்தைப் போட்டுடாத, கொடுன்னு கேட்டு வாங்கி, பையில வச்சுக்குவார்."

"எதுக்கு?"

"நானும் கேட்டேன். வீட்ல ஒருத்தி தூங்கணும்னார்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள். நான் பிரித்துத் தருகிறேன் என்று அந்தப் பெண் கால்சட்டைக்குக் கை நீட்டினாள். வேண்டாம் என்று அவள் மாஸ்டரின் முக்காலியில் உட்கார்ந்தாள். கால்சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பினாள். தையல்கள் ஒன்றையடுத்து ஒன்றாக உள்நோக்கிப் போயிருந்தன, ஒவ்வொன்றும் அவள் தராசின் முன் நின்று சிரித்த ஒரு சாயங்காலம். பிளேடு முனையால் கடைசித் தையலிலிருந்து தொடங்கினாள். இது அந்தக் கட்டி பிடித்தது. இதுவும் அதுதான். இது யாருடையது என்று ஒரு தையலில் கை நின்றது. பிறகு அதையும் பிரித்தாள். முதல் தையல் வரை போக வேண்டியிருந்தது.

வீட்டில் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"துணி பத்துச்சா?"

"பத்துச்சு."

எழுந்திருக்க உதவினாள். கால்களை நுழைத்து, இடுப்புக்கு ஏற்றினாள். பூட்டுவதற்காகக் குனிந்து பக்கத்தில் வந்ததும் அவர் பழக்கத்தில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினார். இறக்கவில்லை. அவள் பைக்குள் கையை விடவில்லை. எத்தனையோ தடவை துவைத்து வெளுத்த கால்சட்டையில், இத்தனை நாள் உள்ளே மடிந்து கிடந்த துணி மட்டும் அவர் இடுப்பின் இருபுறமும் அடர்நீலமாக இருந்தது, கடையில் வெட்டிக்கொடுத்த அன்று இருந்த மாதிரி.