ரோஷானி காசு

ரோஷானி பேருல குடுக்கிற காசு டீச்சர் படிப்பு படிக்கிற பிள்ளைக்கு மட்டும். அதுதான் சட்டம். கோயில்ல பூசை முடிஞ்சு, எல்லாருக்கும் முன்னால நின்னு எங்க வீட்டுக்காரரு ஸ்டீபன் சொன்ன சட்டம். ஃபாதரும் அப்பிடியே எழுதி வச்சுக்கிட்டாரு. தோட்டத்துல எவனும் மறுத்துப் பேசல. பேசியிருந்தா இந்தத் தெரேசம்மா விட்டுருப்பாளா? என் வாய் இந்த மலைக்கே தெரியும்.

எங்களுக்கு இருந்தது ஒரே பொண்ணு, ரோஷானி. பதினாலு வயசு. அரநாயக்கவுல மலை சரிஞ்சு எறங்குன அதே மழையில, புளத்கொகுபிட்டியவுக்கு மேல இருக்கிற எங்க தோட்டத்துலயும் எறங்கிருச்சு. நானும் அவரும் கேகாலை ஆஸ்பத்திரியில கெடந்த ஒரு சொந்தத்தப் பாக்கப் போனவங்க, ரோட்டு ஒடைஞ்சு அங்கயே மாட்டிக்கிட்டோம். திரும்பி வந்து பாத்தா தோட்டத்து மேப்பக்கம், மேக்கணக்குல எங்க வீடு இருந்த லயத்து வரிசையும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஆமிக்காரப் பையங்க நாள்கணக்கா தோண்டுனாங்க. கடைசியில ஒருத்தன், மீசைகூட சரியா மொளைக்காதவன், என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு "பே அம்மே, தவ பே"ன்னு அழுதான். முடியாது அம்மா, இனி முடியாதுன்னு. அவனத் திட்ட எனக்கு வாய் வரல.

நஷ்டஈட்டுக் காசு வந்துச்சு. அதுல ஒரு சட்டி வாங்கக்கூட மனசு வரல. அவரு சம்பளத்துல பிடிச்சுச் சேந்த தன்னோட ஈ.பி.எஃப். காசையும் அதோட சேத்து பேங்குல போட்டாரு. அந்த வட்டி, தோட்டத்துல இருந்து யூனிவர்சிட்டி கெம்பசுக்குப் போற ஒரு பிள்ளைக்குப் போகணும். ஆனா டீச்சருக்குப் படிக்கிற பிள்ளையா இருக்கணும். ஏன்னா எங்க ரோஷானி பள்ளிக்கூடம் விட்டு வந்தா, என் ரப்பர் பால் வாளியக் கவுத்துப் போட்டு அதுல ஏறி ஒக்காந்து, லயத்துச் சின்னதுகளுக்குப் பாடம் நடத்துவா. அடுப்புக் கரியால செவுரு பூரா எழுதுவா. பாடம் படிக்காததுகளுக்கு அடியும் விழும். அந்தக் கூட்டத்துல மொதல்ல வந்து ஒக்காருறவ கீழ்க்கணக்கு அந்தனியோட மக சரோன்.

அந்தச் சரோனுக்குத்தான் கெம்பஸ் கெடைச்சுது. எங்க காசும் அவளுக்குத்தான் போச்சு. அவ அப்பன் அந்தனி மரத்துல இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்தவன். அவ அம்மா பால் வெட்டிக் கொண்டாற சம்பளம் அரிசிக்கே காணாது. போர்டிங்குக்கு எங்க காசு இல்லாட்டி அந்தப் பிள்ளை பாய சுருட்டிக்கிட்டு வந்துர வேண்டியதுதான். எங்க வீட்டுக்காரரு அவள ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. டீச்சர்னுதான் கூப்பிடுவாரு. லீவுல வர்றான்னு கேள்விப்பட்டா டவுனுக்குப் போயி மீன் வச்ச மாலு பாண் வாங்கிட்டு வந்து வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அந்த மனுசன் சிரிக்கிறதே அந்த ரெண்டு நாளுதான்.

இந்தத் தடவ கல்லறைத் திருநாளுக்கு லீவு போட்டு வந்தா. மாலு பாணத் தொடல. குசினிக்குள்ள வந்து என் பக்கத்துல குந்திக்கிட்டா.

"அத்த, ரெண்டாம் வருஷத்துல எதப் படிக்கிறதுன்னு திங்கக்கெழம எழுதிக் குடுக்கணும். கல்வியா, புவியியலான்னு."

"கல்வின்னுதான் எழுதிக் குடேன். அதுல என்ன கேள்வி?"

"எனக்குப் புவியியல் படிக்கணும் அத்த."

"அது என்னடி எழவு?"

"மண்ணு, மழை, மலை. மலை ஏன் சரியுது, அடுத்து எது சரியும்னு..."

கையில இருந்த கரண்டியத் தூக்கி எறிஞ்சேன். "எம்பிள்ளைய முழுங்குன மலைய எம்பிள்ளை காசுலயே படிக்கப் போறியாடி? நல்லா இருக்குடி நியாயம்! ஒனக்குச் சோறு போட்ட கைய அடுப்புலதான் வைக்கணும்."

அவ அழல. அழுதிருந்தாலாவது ரெண்டு திட்டு கொறைஞ்சிருக்கும். "புவியியல் எடுத்தா காசு வராதுன்னு தெரியும் அத்த. ஃபாதர்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். சட்டம் போட்டவரு மாமா, மாத்தறதுன்னா அவருதான் மாத்தணும்னு சொல்லிட்டாரு"ன்னா.

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்வாங்க. இங்க பூசாரி குடுக்கத் தயாரா இருக்காரு, சாமிதான் மொறைச்சுக்கிட்டு நிக்குது. அந்தச் சாமி கதவுக்கிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

அவரு கத்தல. கத்தத் தெரியாத மனுசன். உள்ள வந்து மெதுவாக் கேட்டாரு.

"டீச்சர், அந்தப் படிப்புப் படிச்சா எம்பிள்ளை எங்க கெடக்குதுன்னு சொல்ல முடியுமா?"

இத்தன வருஷத்துல அந்த மனுசன் அப்பிடி ஒரு கேள்வி கேட்டதே இல்ல. சரோன் மொகத்தப் பாத்தேன். முடியும்னு சொல்லுடி லூசுன்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டேன். ஆமான்னு தலைய ஆட்டுனா போதும், காசு கெடைச்சிரும். இப்ப கத்துன நானே அவளுக்காக மாதாகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன், பாத்துக்கங்க.

"முடியாது மாமா"ன்னா. "அப்பிடிச் சொல்ல யாராலயும் முடியாது."

அவரு வெளிய போயிட்டாரு.

"கேட்டதுக்கு ஆமான்னு சொன்னா ஒன் வாய் வெந்தா போயிரும்?"னு சீறுனேன். "மாமாகிட்ட எப்பிடி அத்த பொய் சொல்றது"ன்னு கேட்டுட்டு, மாலு பாண அவ தம்பிக்குன்னு தாள்ல சுத்தி எடுத்துக்கிட்டா. "பரவாயில்ல, கல்வியே எழுதிக் குடுத்துர்றேன்"னா. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைங்களப் பாத்தாத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

மறுநாள் கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் கல்லறைய வெள்ளையடிச்சுப் பூ வைக்கும். எங்களுக்குக் கல்லறை இல்ல. நாங்க மேக்கணக்குக்கு ஏறுவோம். அங்க மிஞ்சி இருக்கிறது பிள்ளைக் காம்பராவோட ரெண்டு படி மட்டுந்தான், நாங்க வேலைக்குப் போறப்ப கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். அந்தப் படியில இருந்து தூரத்தக் கணக்குப் பண்ணி, எங்க வீட்டுக் காம்பரா இருந்த எடம் இதுதான்னு அவரு ஒரு குச்சிய நட்டு வச்சிருக்காரு. வருஷா வருஷம் அங்கதான் மெழுகுவத்தி. அங்கதான் செபமாலை. அங்கதான் நான் குந்தி அழுறது.

சரோனும் பூவோட ஏறி வந்தா. காசு போனாலும் வருவா, அது வேற. ஆனா கிட்ட வந்து முழங்கால் போடல. ஓரமா நின்னு மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு இருந்தா.

"என்னடி வேடிக்க? படம் பாக்கவா வந்த?"

"ஒண்ணுமில்ல அத்த."

எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சாரு. "என்ன பாத்தே டீச்சர்? சொல்லு."

"வேணாம் மாமா."

"சொல்லு."

"மாமா, நீங்க நிக்கிற எடத்துல பாறை தெரியுது பாருங்க. இங்க எதையும் மூடறதுக்கு மண்ணே இல்ல. வீடு இங்கதான் இருந்துச்சு. ஆனா மலை அத மூடல, தள்ளிக்கிட்டுப் போயிருச்சு." கீழ, ஓடை வளையிற எடத்தக் காட்டுனா. மேடு தட்டி, இளமரமா மண்டிக் கெடந்துச்சு. "அவ்வளவும் மேல இருந்து போன மண்ணு. அங்கதான்னு நான் சொல்லமாட்டேன். இங்க இல்லன்னு மட்டும் சொல்லலாம்."

நான் கைய ஓங்கிட்டேன். ஆமா, ஓங்கிட்டேன். வருஷக்கணக்கா வெறும் பாறைக்கா அழுதேன்? வெறும் பாறைக்கா பூ வச்சேன்? ஓங்குன கைய அவரு பிடிச்சுக்கிட்டாரு.

"அந்த ஓடப்பக்கம் மண்ணு தோண்டுற பெக்கோ எறங்காதுன்னு சொன்னாங்க"ன்னாரு, யாருக்கோ சொல்ற மாதிரி. "சேறு, எறங்காதுன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

குனிஞ்சு மெழுகுவத்திய ஊதி அணைச்சாரு. சட்டைப் பையில போட்டாரு. நட்டு வச்ச குச்சியப் புடுங்கி ஊண்டிக்கிட்டாரு. பள்ளத்தப் பாத்தாரு. செங்குத்தா எறக்கம், காலு வைக்க எடமில்ல.

"சரோன்"ன்னாரு.

அந்தப் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்புச்சு.

"நாளைக்கு ஃபாதர்கிட்ட நானே போறேன். டீச்சர்னு எழுதுனத வெட்டச் சொல்றேன். நீ ஒன் படிப்பப் படி, காசு வரும். இப்பக் கையக் குடு. எந்தப் பக்கமா எறங்கணும்னு பாத்துச் சொல்லு."

அவ முன்னால எறங்குனா. எந்தக் கல்லு ஆடும், எந்த மண்ணு வழுக்கும்னு காலால தட்டித் தட்டிப் பாத்து, மாமாவுக்கு ஒரு கை, எனக்கு ஒரு கைன்னு மாறி மாறிக் குடுத்தா. அட்டை கடிச்சு எங்க காலெல்லாம் ரத்தம். நான் வழி பூரா திட்டிக்கிட்டே எறங்குனேன். யாரத் திட்டுனேன்னு எனக்கே தெரியாது.

ஓடை வளைவுல அவரு மெழுகுவத்தியப் பத்த வச்சாரு. காத்து இல்ல. நின்னு எரிஞ்சுது. செபமாலைய மண்ணுல வச்சுட்டு அவரு எனக்கு எடம் விட்டு ஒதுங்குனாரு. நான்தான் குனிஞ்சு, ஈரமண்ணுல ரெண்டு கையையும் வச்சு, மேல நின்னு கூப்பிடுற மாதிரி இல்லாம மெதுவாக் கூப்பிட்டேன்.

"ரோஷானி, அம்மா வந்திருக்கேன்டி. இவ்வளவு நாளா நாங்க கூப்பிட்டது ஒனக்குக் கேட்டிருக்காது."