ஏழாம் பலகை ஏன் காலி?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. ராணுவ முகாமாக இருந்து பூங்காவான இடம். எந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது என்று நடைபாதை நெடுகப் பலகைகள். ஏழாவது மட்டும் காலி. பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா?

2

போர்மேகங்கள் சூழ்ந்த அந்த மாலையில் வீரர்கள் —

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

பலகைகளுக்கு வாசகம் எழுதுபவள் ஒருத்தி. பலகைக்கு நாற்பது சொல், அதற்கு மேல் கூடாது. ஏழாம் பலகை நிற்பது சன்னலே இல்லாத ஓர் அறையின் முன். அங்கேதான் அவளுடைய மாமனார் இருபது வருடம் வெடிமருந்துக்குக் காவல் இருந்தார். வீட்டில் மூன்று வேளையும் சாப்பாட்டோடு இந்தக் கதையும் உண்டு. பேத்தி இதைப் பள்ளியில் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கிவிட்டாள்.

முகாமின் பழைய பதிவேடு மருமகள் கைக்கு வந்தது. ஏழாம் அறை: உருளைக்கிழங்கு, முப்பது மூட்டை. பொறுப்பு: மாமனார்.*

*அவருக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன். இந்த வரி வந்ததும் எடுத்துவிட்டேன். பாவம்.

3

நாளை அச்சுக்குப் போகவேண்டும். உண்மையை எழுதினால் மாமனார் மானம் கப்பலேறும். பொய்யை எழுதினால் மற்ற பலகைகளை அவளே நம்பமாட்டாள்.

“உங்கப்பாதானே, நீங்களே சொல்லுங்க” என்றாள் கணவனிடம்.

“எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு.”

அன்று ஞாயிற்றுக்கிழமை.

வெடிமருந்துக்கு ஒரு தாள், உருளைக்கிழங்குக்கு ஒரு தாள் என்று இரண்டு வாசகம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். (மறதியா, வேண்டுமென்றேவா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.)

திரும்பி வந்தால், மாமனார் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருக்கிறார். வெடிமருந்துத் தாளைக் காணோம். மற்றதில் ‘முப்பது’ அடிபட்டு ‘அறுபது’ ஆகியிருந்தது.

“முப்பதுன்னு எந்த மடையன் எழுதினான்? அறுபதும்மா! மழைக்காலத்துலகூட ஒண்ணையும் அழுகவிடல நான்.”

“சரி மாமா.”

தாளை நாலாக மடித்து அவளிடம் நீட்டினார்.

“பாப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் பலகையக் காலியா விடும்மா.”

4

நான்கு மாதம் ஆயிற்று. வாராவாரம் பேத்தியைக் கூட்டி வருகிறார். ஏழாவது வந்ததும் “கால் வலிக்குது” என்று எட்டாவதற்கு நடையைக் கட்டுகிறார்.

இன்று பேத்தி நகரமாட்டேன் என்கிறாள். “தாத்தா, வெடிமருந்துன்னு ஏன் இன்னும் எழுதல?”

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுகிறாள், இன்னொன்றில் சிரிக்கிறாள். எதை நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் தொண்டையைச் செருமிவிட்டார். முடிவை நீங்களே எழுதுங்கள், இந்தாருங்கள், பேனாவைப் பிடியுங்கள். நாற்பது சொல், அதற்கு மேல் கூடாது.