கை விமானம்

சுங்குவார்சத்திரத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போகும் தெருவில், கன்னியம்மாவுக்கு வரிசையாக வாடகை அறைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு குளியலறை. அதன் கதவு வேப்பமரம். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்ட தன் பழைய வீட்டிலிருந்து கழற்றிவந்து அங்கே மாட்டியிருந்தார். ஐப்பசி மழை பிடித்ததும் கதவு ஊதிக்கொண்டு, நிலைக்குள் போக மறுத்துவிட்டது.

குளிப்பவர்கள் உள்ளே போய், தண்ணீர் நிரம்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள். குளிக்கக் குளிக்கத் தண்ணீர் குறையும். தண்ணீர் குறையக் குறைய வாளி லேசாகும். அப்புறம் காற்று அடித்தால் கதவு திறந்துகொள்ளும். சோப்பு போடும்வரை பிரச்சினை இல்லை. சோப்பைக் கழுவுவதுதான் ஆபத்தான கட்டம்.

அந்த அறைகளில் ஒன்றில் இருந்த சுப்பிரமணி, ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், மரியாதை தெரிந்த மனிதர். குளியலறைப் பக்கம் வரும்போதெல்லாம் உரக்க இருமிக்கொண்டே வருவார். அந்தப் பழக்கம் கம்பெனியிலும் தொடர்ந்ததால் அவரை ஒருமுறை மெடிக்கல் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பக்கத்து அறையில் இருந்தவள் செந்தாமரை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்பவள். கதவைப் பற்றிக் கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"மழ வுட்டா கதவு தானா எளச்சிடும்மா," என்றார் கன்னியம்மா. "வேப்பமரம் அது. இப்ப விக்கிற பிளாஸ்டிக் கதவுலாம் அதும் கால்தூசி பெறுமா?"

மழை விடவில்லை. செந்தாமரை நயினார் என்ற தச்சருக்குப் போன் செய்தாள்.

"கதவு சீவுறதுக்குலாம் இப்ப யார்மா வர்றா? நான் வில்லா சைட்ல கீறேன்," என்றார் நயினார். "கிச்சன் கபோர்டு எதுனா இருந்தா சொல்லு, வரேன்."

கிச்சன் என்று தனியாக ஒன்று இருந்தால்தானே கபோர்டு. செந்தாமரை போனை வைத்துவிட்டு, நாமே சீவிவிடலாம் என்று முடிவு செய்தாள். மரம் சீவுவதற்கு இழைப்புளி வேண்டும் என்பது வரை அவளுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இழைப்புளி என்று தேடினாள். கொட்டை நீக்கிய புளி, கொட்டை நீக்காத புளி, புளிக் கரைசல் எல்லாம் வந்தன. சுப்பிரமணியிடம் கேட்டாள். அவர் ஒருமுறை இருமிவிட்டு, "அத பிளேன்னு சொல்வாங்க சிஸ்டர். உட் பிளேன்," என்றார்.

இந்த முறை பொருள் கிடைத்தது. ஆனால் அவள் போனில் எல்லாமே தமிழில்தான் வரும். பொருளின் பெயர் 'தொழில்முறை மர விமானம், கையால் இயக்குவது' என்றிருந்தது. கீழே விவரம்: 'விமானத்தின் அடி தட்டையானது. கத்தி மிகவும் கோபமானது. தச்சர்களுக்கும் தாய்மார்களுக்கும் சிறந்த பரிசு. வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பறந்து வரும்.' படத்தில் இருந்தது சந்தேகமில்லாமல் இழைப்புளி. பித்தளை நிறத்தில் பளபளத்தது. நீளம் 80 என்று மட்டும் போட்டிருந்தது. எண்பது எதுவாக இருந்தாலும் சின்னதாக இருக்காது என்று நினைத்தாள். விலை ஒரு சிக்கன் பிரியாணி அளவுக்குத்தான் இருந்தது. பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டாள்.

பார்சலை வாங்கியது மதிவதனி. செந்தாமரையின் அறையில் கூட இருப்பவள். வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை. புரோக்கர் ஒருவர் இரண்டு பேரையும் ஒரே அறையில் சேர்த்துவிட்டிருந்தார். இருவருக்கும் வாராவாரம் ஷிஃப்ட் மாறும். ஆனால் எதிரெதிராகவே மாறும். ஒருத்தி வரும்போது மற்றவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே குடிவந்தவர்கள். இருந்தும், மதிவதனியின் ஈரத் துண்டையும் பாதி வெட்டிய வெங்காயத்தையும் செந்தாமரைக்குத் தெரிந்த அளவு அவளைத் தெரியாது. தெற்குப் பக்கத்துப் பெண் என்பது பேச்சில் தெரிந்தது.

'யக்கா, உங்களுக்கு ஒரு பார்சல் வந்துருக்கு. சிலிண்டர் மேல வச்சிருக்கேன்,' என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள் மதிவதனி.

பெட்டி செருப்புப் பெட்டி அளவுக்கு இருந்தது. செந்தாமரை பிரித்தாள். காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகள் வந்தன. அடியில் இன்னொரு சின்னப் பெட்டி. அதற்குள் சீன எழுத்துகள் அச்சடித்த தாளில் சுற்றி, அவள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக ஓர் இழைப்புளி இருந்தது. கத்தி, ஆப்பு, பிடி என்று எதுவும் குறையவில்லை.

கடைக்காரருக்குப் புகார் எழுதினாள். உடனே பதில் வந்தது: 'அன்பு நண்பரே, எண்பது மில்லிமீட்டர் விமானம் எண்பது மில்லிமீட்டராக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி.' வெளிநாட்டுப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

செந்தாமரை சிறிது நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஏமாந்துவிட்டோம் என்று யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். அப்படிச் சொல்லிக்கொள்ள அந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. எழுந்து போய், குளியலறைக் கதவின் ஓரத்தில் அதை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வெங்காயத் தோல் போல ஒரு சுருள் வந்து காலடியில் விழுந்தது. இன்னொரு இழுப்பு. இன்னொரு சுருள். கத்தி உண்மையிலேயே கோபமானதுதான்.

நிலை எங்கே இடிக்கிறதோ அங்கே, மேலிருந்து கீழாகச் சீவினாள். கை வலித்ததும் நிறுத்தி, விட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இழைப்புளியை சோப்பு டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தாள். அளவாக இருந்தது.

மறுநாள் திரும்பி வந்தபோது கோட்டைத் தாண்டிக் கீழேவரை சீவியிருந்தது. அங்கே புதிதாக ஒரு கோடு. போனில் குரல் பதிவு:

'யக்கா, நானும் கொஞ்சம் சீவிருக்கேன். தாழ்ப்பா கிட்ட ஒரு ஆணி இருக்கு, பாத்து. கத்தி போயிரும்.'

செந்தாமரை பதில் அனுப்பினாள்: 'ஆணிய பாக்காம வுட்டுட்டேன் மதி. கத்தி முனை போச்சி. இன்னா பண்றது?'

'காப்பி கப்பைக் கவுத்தி வச்சு அடில தேச்சிருங்க. எங்க வீட்ல அருவாமனைக்கு அப்படித்தான் செய்வாவ.'

தேய்த்தாள். கத்தியின் கோபம் திரும்பியது. அதன் பிறகு தினமும் கதவைப் பற்றிச் செய்தி வந்தது, போனது. மேல் மூலை கடினமாக இருக்கிறது. ஸ்டூல் ஆடுகிறது, கால் வைக்கும்போது கவனம். சுப்பிரமணி அண்ணன் தானும் சீவுகிறேன் என்று வந்து கையைக் கீறிக்கொண்டார், இனி அவரிடம் கொடுக்க வேண்டாம். லைனில் பிரேக் விட்டதும் செந்தாமரை செய்ய ஆரம்பித்த முதல் வேலை, மதிவதனி என்ன அனுப்பியிருக்கிறாள் என்று கேட்பதுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் செந்தாமரை கதவைத் தள்ளினாள். அது எதுவும் சொல்லாமல் நிலைக்குள் போய் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. திறந்து, மறுபடி மூடிப் பார்த்தாள். வாளியைக் கதவிலிருந்து தள்ளி, நடுவில் வைத்துக் குளித்தாள். வெளியே சுப்பிரமணி இருமினார். "பரவால்ல ண்ணா, கதவு மூடிகீது," என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மழை விட்டது. பொங்கல் முடிந்து மாசி வெயில் ஏறியது. கன்னியம்மா சொன்னது போலவே கதவு தானாக இளைத்தது. சீவியதும் சேர்ந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பெண்கள் உள்பக்கமாக ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டார்கள்.

மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க வந்த கன்னியம்மா அந்தப் புடவையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அன்று மதிவதனிக்கு வார விடுமுறை. செந்தாமரைக்குக் காய்ச்சல், லீவு. இருவரும் அறையில் இருந்தார்கள்.

"யாரு என் கதவ அறுத்தது?"

"அறுக்கலம்மா," என்றாள் செந்தாமரை. "சீவுனோம்."

"எந்த ஆசாரியக் கூட்டாந்தீங்க? என்னைக் கேக்காம என் வூட்டுக்குள்ள ஆள வுட்டீங்களா?"

"ஆசாரி யாரும் வரலம்மா. நாங்கதான் செஞ்சோம்."

"எத்த வெச்சி?"

மதிவதனி சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து திறந்து நீட்டினாள். கன்னியம்மா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"இழைப்புளி."

"இதோட அம்மா எங்க?"

"அவ்வளவுதாம்மா. வெளிநாட்டுல இருந்து வந்தது."

கன்னியம்மா நம்பவில்லை. செய்து காட்டச் சொன்னார். செந்தாமரை கதவின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். சுருள் விழுந்தது. கன்னியம்மா குனிந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குடு," என்று கருவியை வாங்கித் தானும் ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு இன்னொன்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேசாமல் சீவிக்கொண்டே போனார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை இருவரும் பார்த்ததில்லை. தாழ்ப்பாள்வரை வந்த பிறகுதான் நிறுத்தினார்.

இடைவெளி இப்போது இன்னும் அகலமாக இருந்தது. அதை மூன்று பேருமே பார்த்தார்கள்.

"இதுக்கு மேல இந்தக் கதவு ஒதவாது," என்றார் கன்னியம்மா. "பிளாஸ்டிக்குதான் போடணும்."

போகும்போது இழைப்புளியைக் கையிலேயே வைத்திருந்தார். "எங்கூட்டு பூஜ ரூம் கதவு புடிக்குது. சாய்ங்காலம் குடுத்துர்றேன்," என்றார்.

சாயங்காலம் இழைப்புளி திரும்பி வரவில்லை. அந்த வாரத்திலேயே பிளாஸ்டிக் கதவு வந்தது. நீல நிறம். ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொண்டது. பழைய கதவைக் கன்னியம்மா ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினார்.

'யக்கா, போய்க் கேட்டு வாங்கிருவமா?' என்று மதிவதனி குரல் பதிவு அனுப்பினாள்.

'வுடு மதி. கேட்டா கதவுக்குக் கணக்கு பேசப்போறாங்க,' என்று பதில் போனது.

அதற்குப் பிறகு செய்தி நின்றுவிட்டது. கதவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிரேக்கில் செந்தாமரை பழக்கத்தில் போனை எடுத்துப் பார்ப்பாள். கம்பெனி குரூப்பில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கும். ஒருமுறை, சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று குளியலறைக் கதவை ஆட்டிக்கூடப் பார்த்தாள். அது நன்றாகவே இருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கம்பெனிக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. மதிவதனி புளிக்குழம்பு வைத்திருந்தாள். அறை நடுவில் தட்டுகளை வைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சாப்பிடத் தொடங்கினார்கள்.

"கொழம்பு நல்லா கீது," என்றாள் செந்தாமரை.

"ம்," என்றாள் மதிவதனி.

செந்தாமரை இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் குடித்தாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"மதி, உனுக்கு எந்த ஊரு?"

மதிவதனி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "சங்கரன்கோயில் பக்கம் யக்கா. ரொம்பச் சின்ன ஊரு. பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது."

"பரவால்ல, சொல்லு," என்றாள் செந்தாமரை.